இடது ஓரம்

வெள்ளிக்கிழமை பதினொன்றரை மணி. ஜும்ஆ தொழுகைக்குக் கடையைச் சாத்த சர்புதீனுக்கு இன்னும் சற்று நேரம் இருந்தது.

தெய்வசிகாமணி பிக்கப் வண்டியை மெதுவாகக் கொண்டுவந்து கடைவாசலில் நிறுத்தினார். அவர் மனைவி அமிர்தம் முதலில் இறங்கினாள். ரோட்டைப் பார்த்தாள்.

"ஸ்கூட்டர் ஒண்ணு வருது. இருங்க."

அது போன பிறகு அவர் கதவைத் திறந்து இறங்கினார்.

சர்புதீன் இடது முன் சக்கரத்தின் பக்கத்தில் குந்தினான். கள்ளக்குறிச்சியில் டயர் கடை வைத்திருப்பவன். வண்டிக்காரன் முகத்தைப் பார்க்கும் முன் டயரைப் பார்ப்பான்.

"இன்னாணா இது? மேல பட்டன் தேயாம நல்லாத்தான் இருக்குது. சைடு பூரா கிழிஞ்சி கெடக்குது."

"மலையில கல்லு."

"மலையில கல்லு எடது பக்கம் மட்டுந்தான் மொளைக்குதா?"

"வலது பக்கம் உன் தம்பி வண்டி வருதே பாய். ஒதுங்க வாணாமா?"

சர்புதீன் சிரித்தான். அவன் தம்பி அஷ்பாக்கும் அதே மலையில் அதே மாதிரி வண்டி ஓட்டுகிறான். ஓரத்துக்கு ஒதுங்கி வழிவிடும் பழக்கம் அவனுக்குக் கிடையாது.

அமிர்தம் சிரிக்கவில்லை. பின்சக்கரத்தைப் பார்த்தாள். அதிலும் இடது பக்கம் அப்படித்தான் இருந்தது.

"ரீட்ரெட் ரெண்டு போட்டு வுடு" என்றார் தெய்வசிகாமணி.

"முன்னாடிக்கு ரீட்ரெட் நான் போட மாட்டேன். எறக்கத்துல சூடேறி, மேல ஒட்டின ரப்பர் பிரிஞ்சிக்கினு போனா பேரு எனக்குத்தான் கெடும். திட்டறதுக்கு நீங்க இருக்க மாட்டீங்க."

அவன் உள்ளேயிருந்து இரண்டு டயர்களை உருட்டி வந்தான். இரண்டும் ஒரே அளவு. இரண்டும் ஓடாதவை.

"ஒண்ணு வெல கம்மி. ஒண்ணு ஜாஸ்தி. ஏன்னு நீங்களே பாருங்க. நம்பர் போட்டிருக்கும் பாருங்க, முட்டை மாதிரி கட்டத்துல. மொத ரெண்டு நம்பர் வாரம், அடுத்த ரெண்டு நம்பர் வருசம்."

தெய்வசிகாமணி குனிந்தார். கட்டத்தைத் தேடினார். கட்டைவிரலை அதன்மேல் வைத்து இடமிருந்து வலமாக மெல்ல நகர்த்தினார்.

"பதினொண்ணு. இருவத்தி ரெண்டு."

"ஆங். ஓடாமயே கெழவனாயிட்டான். சுவத்துல சாஞ்சிக்கினு கெடந்தாலும் ரப்பருக்கு வயசாவும். மலைக்கு இது வாணாம்." சர்புதீன் அவர் விரலைப் பார்த்தான். "இன்னாணா, துணிக்கடையில பொம்பளைங்க பொடவைய தடவற மாதிரி தடவறீங்க."

"அழுக்கா இருக்குது. கண்ணாடிய வூட்ல வச்சிட்டு வந்துட்டேன்."

புது டயர் இரண்டை வாங்கி இடது பக்கம் முன்னும் பின்னும் மாட்டினார்கள். சர்புதீன் காற்றைப் பார்த்தான்.

"லிட்டருக்கு இப்ப எவ்ளோ குடுக்குது?"

"பதினாறு."

"அஷ்பாக்குக்குப் பன்னண்ட தாண்ட மாட்டேங்குது. இன்னாதான் பண்றீங்க?"

"மெதுவா போறேன். ரொம்ப தூரம் முன்னாடி பாத்துக்கினு போறேன். வளைவு வர்றதுக்கு முன்னாடியே கால எடுத்துடறேன். அவன் ஏத்தற வேகத்தையெல்லாம் பிரேக்ல கொண்டாந்து கொட்றான். அது அவன் காசு குடுத்து வாங்கின டீசல்."

"கேட்டுக்கினியா?" என்று சர்புதீன் வண்டிக்கு அந்தப் பக்கம் யாருக்கோ சொல்வது போலச் சொன்னான். "இத அவன் காதுல ஓதணும்."

வண்டி கிளம்பியது. மார்க்கெட் வளைவில் அமிர்தம் சொன்னாள்.

"எடது. ஒரு கை."

இடது ஓரம் நெருங்குகிறது என்று அர்த்தம். அவர் ஸ்டியரிங்கை ஒரு கை அளவு வலப்பக்கம் திருப்பினார்.

அவருடைய இடது கண் போன ஆடியில் போனது. சர்க்கரை. முதலில் ஒரு நூல் மிதப்பது போலிருந்தது. பிறகு புகை. பிறகு ஒன்றுமில்லை. வலது கண்ணிலும் நரம்புகள் பழுது என்று டாக்டர் சொன்னார். லேசர் வைத்தார். கனமாக எதையும் தூக்காதீங்க, மூச்சைப் பிடித்து முக்காதீங்க, உள்ளே ரத்தம் கசிந்தால் இதுவும் போய்விடும் என்றார். போன பார்வை வராது, இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள் என்றார்.

"வண்டி கிண்டி ஓட்றாரா?"

"இல்லீங்க" என்றாள் அமிர்தம். "வெவசாயம்."

விவசாயம் ஒன்றரை ஏக்கர். கிணற்றில் தண்ணீர் இல்லை. கல்வராயன் மலையில் மரவள்ளிக் கிழங்கு ஏற்றி சின்னசேலம் பக்கம் ஜவ்வரிசி ஆலையில் இறக்குவதுதான் பிழைப்பு. மகள் ரம்யா சேலத்தில் நர்சிங் இரண்டாம் வருடம். ஒரு மாதம் வெற்றிவேல் என்ற ஆளைப் போட்டு ஓட்டிப் பார்த்தார்கள். டீசலும் டயரும் அவன் சம்பளமும் போக வண்டி மட்டும் மிஞ்சியது.

அதன் பிறகு அமிர்தம் வண்டியில் ஏற ஆரம்பித்தாள். தெரிந்தவர்கள் கேட்டால், கிழங்கு எடை போடும்போது ஆள் வேண்டும் என்றாள்.

அவளுக்கு வண்டி ஓட்டத் தெரியாது. ரோடு தெரியும். எடது, வலது, ஒரு கை, அரைக் கை, கல்லு, பஸ்சு, ஆளு. இவ்வளவுதான் அவள் வார்த்தைகள். அவற்றைக் கேட்டு ஓட்ட வேண்டுமென்றால் மெதுவாகத்தான் ஓட்ட முடியும். கண் இரண்டும் இருந்தபோது லிட்டருக்குப் பதினான்கு கொடுத்த வண்டி, ஒன்று போன பிறகு பதினாறு கொடுத்தது. மலையில் மற்ற டிரைவர்கள் அவரிடம் பாடம் கேட்டார்கள். அவரும் சொன்னார்.

மேகம் இறங்கும் நாட்களில் மலைப்பாதையில் எல்லா வண்டிகளும் ஓரம்கட்டிவிடும். அவரும் நிறுத்துவார். அன்று மட்டும் அவருக்கும் மற்றவர்களுக்கும் வித்தியாசம் இருக்காது. டீ குடித்துக்கொண்டு அவர்களோடு நின்று பேசுவார். அமிர்தத்துக்குப் பிடித்த நாட்கள் அவை.

"இன்னும் ரெண்டு வருசம். ரம்யா முடிச்சிடுவா" என்று ஒருநாள் சொன்னார்.

"ரெண்டு வருசம் கண்ணு தாங்குமா?"

"டயரே தாங்குது."

திங்கட்கிழமை வெறும் வண்டியாக மலையேறினார்கள். மேலே வெள்ளிமலை பக்கம் தமிழழகன் காட்டில் கிழங்கு பிடுங்கிப் போட்டிருந்தது. காச்சிராயபாளையம் தாண்டி அணையைத் தாண்டி ஏற்றம் தொடங்கியது. மாசி வெயில். வானத்தில் ஒன்றுமில்லை.

அவர் மூன்றாவது கியரிலேயே ஏற்றினார். இன்ஜின் திணறியது. கியரைக் குறைத்தால் டீசல் அதிகம் குடிக்கும் என்பது அவர் கணக்கு. வண்டி முனகிக்கொண்டே ஏறியது. அமிர்தம் இடது ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தடுப்புச் சுவர், பள்ளம், தடுப்புச் சுவர்.

"அரைக் கை. சரி. பஸ்சு வருது. நில்லுங்க."

பஸ் உரசுவது போல் போனது. மறுபடி ஏறினார்கள். மூன்று வளைவுகள் ஏறியிருப்பார்கள். அடுத்த வளைவில் வெல்லப்பாகு காய்வது போல ஒரு வாசனை வந்தது. பிறகு பானெட்டின் இடுக்கில் வெள்ளைப் புகை. வண்டி இருமுறை குலுங்கி நின்றது.

அமிர்தம் அப்போதுதான் மீட்டரைப் பார்த்தாள். சூட்டு முள் சிவப்பைத் தாண்டி முட்டிக்கொண்டு நின்றது.

"முள்ள பாக்கலியா நீ?" என்றார் அவர்.

"நான் ரோட்ட பாத்தேன்."

வண்டியில் ஒரு ஜோடிக் கண்கள்தான் இருந்தன. அவை ரோட்டில் இருந்தன.

ரேடியேட்டருக்குப் போகும் ரப்பர் குழாயில் வெடிப்பு. தண்ணீர் எங்கேயோ கீழேயே ஒழுகித் தீர்ந்திருந்தது. அவள் சக்கரங்களுக்குக் கல் வைத்தாள். அவர் சர்புதீனுக்கு போன் செய்தார்.

வளைவில் நின்ற வண்டியைச் சுற்றிக்கொண்டு அடுத்த பஸ் திரும்ப முடியாமல் முன்னும் பின்னும் போனது. டிரைவர் தலையை வெளியே நீட்டினார்.

"இது இன்னா உங்க வூட்டு வாசலா? இஞ்ச போட்டுக் காய வச்சிக்கினு இருக்கீங்க?"

"தம்பி, வண்டி வந்துக்கினு இருக்குது. எடுத்துடறோம்."

"நான் திரும்பி வர்றப்ப இருக்கக் கூடாது, பெரியவரே. இருந்தா நானே தள்ளி வுட்ருவேன், கீழ."

பஸ்ஸில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

சர்புதீன் தன் பிக்கப்பில் வந்தான். ஆயில் குச்சியை உருவிப் பார்த்தான். நுனியில் ஆயில் பால்காப்பி நிறத்தில் இருந்தது.

"கேஸ்கெட் போச்சு. தண்ணி ஆயில்ல கலந்துடுச்சு. இனிமே இன்ஜின சுத்தவே கூடாது." குச்சியைத் துடைத்தான். "எப்பிடிணா? நீங்களா?"

"கவனிக்கல."

"நீங்களா கவனிக்கல?"

பழுதான வண்டியைத் தூக்கிப்போகும் ரெக்கவரி வண்டி உளுந்தூர்பேட்டையிலிருந்து வரவேண்டும். சர்புதீன் பேசிப் பார்த்தான். நாளைக்குத்தான் முடியும் என்றார்கள்.

"நாளைக்கி வரைக்கும் இஞ்ச வுட முடியாது" என்றார் தெய்வசிகாமணி. "கிழங்கு புடுங்கிப் போட்டு வெயில்ல கெடக்குது. இன்னிக்கி எறக்கி மெக்கானிக் கையில குடுத்தாத்தான் ரெண்டு நாள்ல ஏத்த முடியும். இல்லன்னா தமிழழகன் வேற வண்டிய கூப்டுக்குவான். அப்பறம் என்ன கூப்பிட மாட்டான்."

சர்புதீன் கீழே போகும் ரோட்டைப் பார்த்தான்.

"ஏத்தம்னா கயிறு போதும். எறக்கத்துக்கு ரெண்டு வண்டிக்கும் நடுவுல இரும்பு பைப்பு வேணும். எங்கிட்ட பைப்பு இல்ல."

"மெதுவா போலாம்."

"மெதுவாவா வேகமாவான்னு இல்லணா. எறக்கத்துல கயிறு இழுக்காது. உங்க வண்டி தானா உருண்டு வந்து எம்மேல ஏறும். நீங்கதான் பிரேக்க பிடிச்சிக்கினே வரணும், கயிறு தொய்யாம." மறுபடி ரோட்டைப் பார்த்தான். "வேற யாருன்னா ஒத்துக்க மாட்டேன். நீங்கன்றதால கட்றேன். இந்த மலையில உங்கள மாதிரி அளந்து பிரேக் போடறவன் எவனும் இல்ல."

அமிர்தம் முந்தானையைக் கையில் சுற்றினாள்.

கல்லை எடுத்து, வண்டியை வளைவில் பின்னால் உருளவிட்டுக் கீழ்நோக்கித் திருப்பினார்கள்; சர்புதீன் தன் வண்டியை அதன் முன்னால் நிறுத்தினான். லோடு கட்டும் நைலான் கயிறு. சர்புதீன் இரண்டாக மடித்து இரண்டு வண்டிகளின் கொக்கியிலும் கட்டினான். இழுத்துப் பார்த்தான். அமிர்தம் தலையில் போட்டிருந்த சிவப்புத் துண்டை வாங்கிக் கயிற்றின் நடுவில் முடிந்தான்.

"இது தரையத் தொடக் கூடாது. தொட்டா நீங்க கிட்ட வந்துட்டீங்கன்னு அர்த்தம். எங்கயும் பாக்காதீங்க. இதையும் என் பிரேக் லைட்டையும் பாத்துக்கினு வாங்க, போதும்."

"சரி."

"கியர் நியூட்ரல்ல. சாவிய ஆன்லயே வுடுங்க. எடுத்தீங்கன்னா ஸ்டியரிங் லாக் ஆயிடும். இன்ஜின் ஓடலன்னா பிரேக் கல்லு மாதிரி இருக்கும், தெரியுமில்ல? சும்மா மிதிச்சா நிக்காது. ரெண்டு காலயும் வச்சி தம் கட்டி மிதிக்கணும்."

அமிர்தம் நிமிர்ந்தாள்.

"எவ்ளோ நேரம்?" என்றாள்.

"அடிவாரம் வரைக்கும் அண்ணி. நீங்க என் வண்டியில வந்துடுங்க."

"நான் இவரோட வர்றேன்."

"வாணாம். இழுபடற வண்டியில ஓட்றவன தவிர ஆள் இருக்கக் கூடாது. கயிறு அறுந்துச்சின்னா ஒருத்தரோட போவட்டும். ஜோடியா எதுக்கு?"

தெய்வசிகாமணி சிரித்தார். "பாய் சொல்றது சரி."

"அப்ப நீங்க இதுல ஒக்காருங்க பாய்" என்றாள். "அவரு உங்க வண்டிய ஓட்டட்டும்."

சொல்லி முடித்ததும்தான் என்ன சொன்னோம் என்று அவளுக்குத் தெரிந்தது. அவர் முன்னால் போவார். அவர் பக்கத்தில் அவள் இருக்கலாம். ஆனால் பின்னால் கயிற்றில் பாய் இருப்பான். அவனுக்கும் வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள். சர்புதீன் யோசித்தான்.

"அப்பிடியும் செய்யலாம். பின்னாடி இருக்கறதுதான் கஷ்டம்."

"வாணாம்" என்றார் தெய்வசிகாமணி. "என் வண்டிய நான் ஓட்டிக்கறேன்."

சர்புதீன் தன் வண்டியில் ஏறப் போனான். அவர் ஏறி உட்கார்ந்தார். அவள் ஜன்னல் பக்கம் வந்தாள்.

"சொல்லிடட்டுமா?"

"சொன்னா சாயங்காலம் கள்ளக்குறிச்சி பூரா தெரியும். எவன் லோடு குடுப்பான்?"

"தம் கட்டக் கூடாதுன்னாரு."

"எறக்கம் கொஞ்ச தூரந்தான்."

"செவப்புத் துணி தெரியுதா?"

"தெரியுது."

"எங்க?"

அவர் கையை நீட்டினார். துணி இருந்த இடத்துக்கு ஒரு முழம் வலப்பக்கம் காட்டினார்.

"அண்ணி, ஏறுங்க" என்றான் சர்புதீன். "பஸ்சு திரும்பி வந்துடும்."

ரம்யாவுக்கு இன்னும் ஒன்றரை வருடம் இருந்தது. அமிர்தம் முன்னால் போய் ஏறினாள்.

சர்புதீன் முதல் கியரில் இறக்கினான். பிரேக்கைத் தொடவில்லை. அவள் திரும்பி உட்கார்ந்து பின்கண்ணாடி வழியாகப் பார்த்தாள். கயிறு, சிவப்புத் துணி, பானெட், கண்ணாடி, அவர் முகம். அவர் முதுகை சீட்டில் அழுத்தி இரண்டு கால்களாலும் மிதித்துக்கொண்டிருந்தார். வாய் இறுக மூடியிருந்தது. கழுத்தில் நரம்பு புடைத்திருந்தது.

முதல் வளைவு சரியாக வந்தது. துணி கொஞ்சம் தாழ்ந்து மறுபடி எழுந்தது.

"பாத்தீங்களா?" என்றான் சர்புதீன் கண்ணாடியில் பார்த்து. "அஷ்பாக்கா இருந்தா இந்நேரம் என் டெயில் லைட்டு அவன் மடியில இருந்திருக்கும்."

அவள் துணியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரண்டாவது வளைவில் துணி தரையைத் தொட்டது.

"பாய், கொஞ்சம் வேகமா போங்க."

"ஏன்?"

"கயிறு தொய்யுது."

அவன் கொஞ்சம் வேகம் கொடுத்தான். கயிறு விறைத்தது. வண்டி வெடுக்கென்று இழுபட்டது. அவர் தலை முன்னால் போய் வந்தது.

"இப்ப கொஞ்சம் மெதுவா."

"அண்ணி, நீங்க ஓட்றீங்களா, நான் ஓட்டட்டுமா?"

அவள் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. எடது. ஒரு கை. எடது. இரண்டு கண்ணாடிகளும் பதினைந்தடிக் கயிறும் தாண்டி அது அவருக்குக் கேட்காது. கேட்காது என்று தெரிந்தும் சொன்னாள். அவர் வண்டி இடது ஓரத்துக்கு ஒதுங்கி ஒதுங்கி வந்தது. தடுப்புச் சுவர் முடிந்து பள்ளம் வந்த இடத்தில் அவள் கண்ணை மூடிக்கொண்டாள். திறந்தபோது மறுபடி சுவர் இருந்தது. வண்டியும் இருந்தது.

அவர் முகத்தில் எதுவோ மாறியிருந்தது. இமைகளை வேகமாகக் கொட்டினார். ஒரு கையை ஸ்டியரிங்கிலிருந்து எடுத்துக் கண்ணைத் துடைத்தார். மறுபடி துடைத்தார்.

"பாய், நிறுத்துங்க."

"இஞ்ச வளைவுல எப்பிடி..."

"அவருக்குக் கண்ணு தெரியாது. நிறுத்துங்க."

சர்புதீன் அவள் பக்கம் திரும்பினான். அதே நேரம் கால் தானாக பிரேக்குக்குப் போனது.

பின்னால் வந்த வண்டி நிற்கவில்லை. துணி சக்கரத்தின் அடியில் போனது. மோதியது. இரண்டு வண்டிகளும் சேர்ந்து சற்று நகர்ந்தன. பின் வண்டியின் இடது சக்கரங்கள் தடுப்புச் சுவரைத் தேய்த்துக்கொண்டே வந்து அதில் சாய்ந்து நின்றன. ரப்பர் வாசனை அடித்தது.

யாருக்கும் அடி இல்லை.

சர்புதீன் இறங்கினான். கல் தேடி எடுத்து இரண்டு வண்டிகளின் சக்கரங்களுக்கும் வைத்தான். தன் வண்டியின் பின்பக்கத்தைப் பார்க்கவில்லை. சுவரோரம் போய்க் குனிந்தான். வெள்ளிக்கிழமை அவன் மாட்டிய டயர். சைடில் ஒரு சாண் நீளத்துக்குக் கிழிந்திருந்தது. பழைய டயர் கிழிந்திருந்த அதே உயரத்தில். அவன் அதில் கட்டைவிரலை வைத்து நகர்த்தினான்.

எழுந்து அமிர்தத்தைப் பார்த்தான்.

"எத்தினி நாளா அண்ணி?"

"ஆடியிலேர்ந்து. ஒரு கண்ணு."

"ஒரு கண்ணுதானா?"

அவள் வண்டியின் பக்கம் பார்த்தாள். தெய்வசிகாமணி இன்னும் இரண்டு கால்களாலும் பிரேக்கை மிதித்துக்கொண்டிருந்தார். இரண்டு கைகளும் ஸ்டியரிங்கில் இருந்தன. அவர்கள் அவர் கண்ணெதிரே பானெட்டை ஒட்டி நின்றார்கள். வெயில் சுவர்மேல், கயிற்றின்மேல், அவர் கைகள்மேல் இருந்தது. கீழே அணையின் தண்ணீர் கண் கூசும்படி மின்னியது. அவர் அவர்களைத் தாண்டி எங்கேயோ பார்த்துக்கொண்டு ஜன்னல் வழியாகச் சொன்னார்.

"பாய், மேகம் எறங்கிடுச்சே. லைட்ட போட்டுக்கினு போலாமா, இல்ல கொஞ்ச நேரம் நின்னு போலாமா?"